புத்தகம் சொல்லாமல் விட்டது

சென்ற வாரம் நுவரெலியாவில் என் மகள் சாந்திக்குக் கம்ப்யூட்டர் டிப்ளோமாவின் இறுதிச் சோதனை. தேறினால், ஹட்டன் பயிற்சி நிலையத்தில் அவளது தற்காலிக வேலை நிரந்தரமாகும். துணைக்கு நானும் போயிருந்தேன்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிகளுக்கு வழி வகுக்கும் புரோகிராம் அவளுடையது. பாதை பிரியுமிடத்தைக் குறித்துக்கொண்டு ஒரு வழியே போய்ப் பார்க்கும். சரிவராவிட்டால் குறித்த இடத்துக்கே திரும்பி, மீதி வேலையைத் தொடரும். அதற்குக் 'கன்டினியுவேஷன்' என்று பெயராம். மறுபிறவி போல் இல்லையா?

பரீட்சகர் யாழ்ப்பாணத்தவர். தம் மெசினில் ஓட்டினார். பாதியில் நின்றது.

"பிழை எண்டு சொல்லுது, பிள்ளை."

"நேத்து வரைக்கும் என் மெசின்ல ஓடுச்சுங்க சார்!"

இருவரும் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு விடைக்காகக் காத்திருந்த இடத்துக்கு அவள் இரண்டை அனுப்பியிருந்தாள். அவள் மெசின் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமின்றிக் கைவிட்டது, இவருடையது மறுத்தது. எது சரி? அம்மொழியின் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். 'இது வரையறுக்கப்படவில்லை' – அவ்வளவே!

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"புத்தகமே சொல்லலேன்னா ரெண்டும் சரிதானுங்களே சார்? கோயில்ல பதிகம் பாடறப்போ தீபாராதனைக்கு நிறுத்துவோம். அப்புறம் ஹட்டன்ல விட்ட அடியிலிருந்து பாடுவோம். ராகலைக் கோயில்ல பாட்டையே முதல்லேருந்து எடுப்பாங்க. அங்க போயி, நான் மட்டும் தனியா ரெண்டடி முன்னால ஓடிட்டேன்…"

"அப்ப, ஐயா கேட்டிட்டெல்லோ பாடியிருக்கோணும்?" என்று சிரித்தார். "ரெண்டு மெசினும் சரி. புத்தகம் சொல்லாததை நம்பின புரோகிராம்தான் பிழை."

"அப்பா, கொஞ்சம் வெளிய இருங்களேன்…"

இருந்தேன். உதடுகள் பஞ்சாட்சரத்தை ஜெபித்தன. மனமோ கதவிடுக்கில் நின்றது.

ஒரு மணி நேர அவகாசம் கேட்டு வாங்கினாள். இரண்டு விடைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பும்படி மாற்றினாள். அவர் மெசினில் ஓடியது. "அந்த மூலையில இருக்கிறதிலயும் போட்டுப் பாருங்க சார்" என்று அவளே கேட்டாள். அதிலும் ஓடியது. தேறினாள் என்று அவர் கையெழுத்து விழுந்தது.

திரும்பும் பஸ் நானுஓயாவைத் தாண்டியது. சாந்தி சொன்னாள்: "இத்தன நாளா அத சட்டம்னு நெனச்சேன்பா. அது என் மெசினோட பழக்கம்."

அவள் உறங்கிவிட்டாள். எனக்கு உறக்கம் வரவில்லை – ஆண்டவன் கட்டளை என்று வீட்டாரை நான் அதட்டியவற்றில், எத்தனை என்னுடைய பழக்கமோ!