ஹேஹோ விமானமும் உம்மாவின் அட்டையும்

அன்று விடியும்போதே, கீழே பெருநகரத்தின் பபேடான் பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்க்கடை போனுக்கு மவுத்துச் செய்தி வந்துவிட்டது. வெள்ளைக்காரர் காலத்து மலை ஊரான கலோவில் இருந்த உம்மாவின் காக்கா, அவரைத் தூக்கி வளர்த்த ஒரே அண்ணன், இறந்துபோனார். எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, காக்கவைக்க மாட்டார்கள். அன்றைக்கே, பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பஸ்ஸில் போனால் மறுநாள்தான். கலோவுக்குப் பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் இறங்கும் ஹேஹோ மலை விமான நிலையத்துக்குப் போய்விட்டால் முகம் பார்த்துவிடலாம். வாப்பா யார் யாரையோ பிடித்து, பத்து மணி விமானத்தில் ஓர் இடம் வாங்கிவிட்டார்.

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, சும்மா இருக்கமாட்டாமல் சொன்னார்: "மதினி, ஹேஹோவுல பனி மூடிட்டா பைலட்டுக்கே மலை எது ரோடு எதுன்னு தெரியாதாம். கலிமா சொல்லிட்டே ஏறுங்க!"

"நீங்க வேற தம்பி, சும்மா இருங்க," என்று அழுகைக்கு நடுவே உம்மா லேசாகச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. உயிர் போகும் நேரத்தில் சொல்வதல்லவா கலிமா. எட்டு வயது. மின்விசிறி கழன்று விழுமோ என்று சுவரோரம் படுக்கிற பிள்ளை நான். அட்டை இல்லாமல் ஏற்ற மாட்டார்கள் என்று வாப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். உம்மா முகம் கழுவப் போன நேரம், அவர் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தேன். ஸ்டூலில் ஏறி, குர்ஆனைச் சுற்றியிருந்த பச்சைத் துணிக்குள் செருகினேன். முகம் கைகால் கழுவி ஒளு எடுக்காமல் அதை யாரும் தொட மாட்டார்கள். அந்த அவசரத்தில் யார் ஒளு எடுத்துவிட்டுத் தேடப்போகிறார்கள்?

அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். "எங்கடி வச்ச?" என்று வாப்பா கத்தினார். உம்மா காலிப் பையையே உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி போயிற்று.

சாயங்காலம் மறுபடி போன். அடக்கம் முடிந்ததாம். மலையில் அன்று பனியே இல்லையாம், நல்ல வெயிலாம்.

உம்மா ஒளு எடுத்துவந்து, காக்காவுக்கு யாசீன் ஓதக் குர்ஆனை இறக்கினார். துணியை அவிழ்த்ததும் அட்டை மடியில் விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கிடைச்சிடுச்சுங்க," என்று வாப்பாவிடம் சொன்னார். "நான்தான் ஞாபகமில்லாம இதுக்குள்ள வச்சிருக்கேன்."

"புத்தி கெட்டவளே" என்று தொடங்கிய வாப்பா வெகுநேரம் நிறுத்தவில்லை. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு ஓத ஆரம்பித்தார். குரல் நடுவில் நடுவில் நின்றுபோனது. எனக்கோ ஒரே நிம்மதி. உம்மா உயிரோடு இருக்கிறார். அதோடு, அட்டையை வைத்தது யார் என்றும் அவருக்குத் தெரியவில்லை.