களை பிடுங்கப் போய் ஹைதராபாத் பார்த்த கதை

தோட்டத்தில் வேலை செய்துகொடுத்து, அதற்குப் பதிலாகத் தங்க இடமும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பற்றி இப்போது பிள்ளைகள் என்னிடம் ஏதோ புதுச் சங்கதி போலச் சொல்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் 1986 ஜனவரியிலேயே அதைச் செய்துவிட்டு வந்தவர்கள். பெருமைதான், மறைக்கவில்லை. கிளம்பும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

கல்யாணமாகி எட்டு மாதம். அவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. இரண்டு வாரம் லீவு கிடைத்தது. எனக்கு ஹைதராபாத் பார்க்க ஆசை. ரயில் டிக்கெட் போகக் கையில் இருநூறு ரூபாய் மிஞ்சியது. லாட்ஜில் தங்கினால் மூன்றாம் நாளே மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது அவருடைய போர்மேன் ஒரு வழி சொன்னார். சைனிக்புரியைத் தாண்டி, ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் யூரியாவும் பூச்சிமருந்தும் போடாமல் காய்கறி பயிரிடுகிறார். காலையில் அவர் தோட்டத்தில் வேலை செய்தால் அறையும் சாப்பாடும் இலவசம், மதியத்துக்கு மேல் நம் இஷ்டம்.

மெட்ராஸ் சென்ட்ரலில் மாலையில் ஏறி, மறுநாள் காலை செகந்திராபாத்தில் இறங்கினோம். அங்கிருந்து சைனிக்புரிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர், பஸ்ஸில் போய்விடலாம். அதற்குப் பிறகு பாறைகளுக்கு நடுவே மண் பாதையில் முக்கால் மணி நேர நடை. தலையில் பெட்டியோடு அவர் முன்னால் போக, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நான் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

மேஜர் ஹைதராபாத்காரர். பல வருஷம் தமிழ் ஜவான்களோடு இருந்து தமிழ் கற்றவர். அதனால் அவருக்குத் தெரிந்தது அதட்டுகிற தமிழ் மட்டும்தான். "காலை ஆறு மணி, கத்தரிக்காய் லைன்ல களை எடுக்கணும். லேட் நக்கோ. புரியுதா?" என்றார். 'நக்கோ' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'கூடாது'. என் ஆவடிக்காரர் விறைப்பாக நின்று தலையாட்டினார். வீட்டில் எனக்கு ஒரு நாளும் அப்படித் தலையாட்டியதில்லை.

பாத்தியில் இறங்கியதும் என் கை நின்றுவிட்டது. களையில் பாதி மணத்தக்காளி! எங்கள் ஊர் திருநெல்வேலியில் காசு கொடுத்து வாங்குகிற கீரை, இங்கே கேட்பாரற்றுக் குப்பைக் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. கறுத்துப் பழுத்த பழத்தை நாலைந்து பறித்து வாயில் போட்டேன். அவ்வளவுதான், வரப்பின் அந்தக் கோடியிலிருந்து மேஜர் ஓடி வந்தார்.

"அரே, நக்கோ! நக்கோ! அது ஜஹர்! துப்பு!"

"விஷமெல்லாம் இல்ல சார், எங்க ஊர்ல வாய்ப்புண்ணுக்கு இதத்தான் தின்னச் சொல்லுவாங்க" என்று சொல்லி, இன்னும் நாலு பழத்தை அவர் கண் முன்னாலேயே தின்றேன். அன்று மத்தியானம் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். நான் பிழைத்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சாயங்காலம்தான் மேஜர் ஒரு கரண்டி சாப்பிட்டார்.

நான்காம் நாள் இடி விழுந்தது. அதுவரை வேலையின் அலுப்பில் நாங்கள் எங்கும் போகவில்லை. மேஜர் கூப்பிட்டு, "பூச்சி கடிச்ச கத்தரிக்காய யாரும் வாங்கல. உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட முடியாது. சண்டே கிளம்புங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டுச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. களை பிடுங்கவா இத்தனை தூரம் வந்தேன்? கோல்கொண்டாவைக் கண்ணால் பார்க்காமல் ஊர் திரும்புவதா?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு கூடை நிறைய மணத்தக்காளி கட்டினேன். தார் வெட்டிய பிறகு சாய்த்துப் போட்டிருந்த வாழை மரங்களிலிருந்து தண்டையும் உரித்து எடுத்துக்கொண்டேன். "சார், சைக்கிள் குடுங்க. வித்துட்டு வாரோம்" என்றேன். "களைய யார் வாங்குவாங்க?" என்று சிரித்தாலும் சாவியைக் கொடுத்தார். எட்டுக் கிலோமீட்டர் மிதித்து மல்காஜ்கிரிக்குப் போனோம். ரயில்வேக்காரர்கள் நிறைந்த இடம், தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்று பஸ்ஸில் ஒருவர் சொல்லியிருந்தார்.

"மணத்தக்காளி... வாழைத்தண்டு..." என்று முதல் தெருவில் குரல் கொடுத்தேன். ஓர் அம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏட்டி, நெசமாவே மணத்தக்காளியா? இது இங்க எங்க கெடச்சுது?"

எங்கள் ஊர்ப் பேச்சு! "வயல்ல பறிச்சது அத்தை. மருந்து எதுவும் அடிக்கல" என்றேன். பின்னாலிருந்து அவர் மகள், "மம்மி, யே க்யா ஹை?" என்று எட்டிப் பார்த்தாள். "ஒனக்கு என்னட்டி தெரியும், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பக்கத்து வீட்டு மாமியையும் எதிர்வீட்டு அக்காவையும் கூவி அழைத்தார். கட்டு ஐம்பது காசு. அரை மணி நேரத்தில் கூடை காலி. தண்டுக்குச் சண்டையே வந்தது. "பூச்சி கடிச்சா என்ன, மருந்தில்லைனா கத்தரிக்காயும் கொண்டாங்கோ" என்றார் மாமி.

காலிக் கூடையை மேஜர் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். அவர் பணத்தைக்கூடப் பார்க்கவில்லை, கூடையையே பார்த்தார். "சண்டே போக வேணாம்" என்றார். "கத்தரிக்காயும் கேட்டாங்களா?" "ஹவ்!" என்று ஆமாம் போட்டேன், அவர் பாஷையிலேயே.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மல்காஜ்கிரி. மற்ற நாளெல்லாம் ஊர் சுற்றல். இரண்டு பஸ் மாறிக் கோல்கொண்டா போனோம். கீழ்வாசலில் அவர் நின்று கை தட்ட, உச்சியில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. "செல்வம்!" என்று கத்திவிட்டேன். புருஷன் பெயரைச் சொல்லாத காலம் அது. கீழே இறங்கியபோது, "மானத்த வாங்கிட்டியே" என்றார், காதுவரை சிரித்துக்கொண்டு.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். தினம் எத்தனை மணி நேர வேலை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் பழைய செருப்பும் அவசியம். நன்றாகத் தெரியாத பழத்தை வாயில் போடவே போடாதீர்கள். மணத்தக்காளியிலும் பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக முடிந்து வையுங்கள். முக்கியமாக, அந்தத் தோட்டத்தில் எதையெல்லாம் தூக்கிப் போடுகிறார்கள் என்று பாருங்கள், அதில் உங்களுக்குத் தெரிந்தது ஏதாவது இருக்கும்.

அடுத்த வருஷம் டிசம்பரில் ஆவடிக்கு ஒரு மணியார்டர் வந்தது. இரண்டு பேருக்கும் போக வர ரயில் கட்டணம். மணத்தக்காளிக்கென்று தனிப் பாத்தி கட்டி விதைத்துவிட்டாராம் மேஜர். அதில் களை எடுக்க ஆள் வேண்டுமாம்.