கத்தி படாது என்றார் பெரிம்மா

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். வாய் ஓயாத வேலை. எனக்கு வாயும் ஓயாது, அதனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்கள் காலையிலிருந்து என் உயிரை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து பில் போடச் சொல்லும். அந்த நேரம் பார்த்துச் சுவரில் ஒரு பல்லி கத்தினால் போச்சு. "வேற கலர் பாத்துடலாம்மா" என்று எல்லோரும் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள். கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடும் ஊர் இது. இங்கே பல்லிக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், பல்லியை நம்ப மாட்டோம். அதற்காகச் சிரிக்கிற யோக்கியதை எங்களுக்கு உண்டா என்றால், ரொம்ப இல்லை. புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷத்துக்கு நமக்கென்று கர்த்தர் கொடுத்தது. ஆசீர்வாதமாக வந்தால் சந்தோஷம். 'பொறுத்திரு' என்கிற மாதிரி வந்துவிட்டால், நைசாக அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்று எடுக்கிறவர்களும் உண்டு. என் மாமியார் அதில் கைதேர்ந்தவர்.

கர்த்தர் வழி காட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எது அவர் பேச்சு, எது நம் பேச்சு என்று பிரித்துப் பார்க்கிற இடத்தில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள். என் மகள் பிறந்த அன்றைக்கு அந்தச் சறுக்கலில் ஓர் உயிர் போயிருக்கும்.

நாங்கள் இருப்பது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், முசரவாக்கத்தில். தகரக் கூரை போட்ட சின்னச் சபை. அங்கே பாஸ்டர் ஐயாவுக்கு அடுத்தபடி யார் என்றால் பெரிம்மாதான். சொந்தத்தில் யாருக்கும் பெரியம்மா இல்லை, ஊருக்கே பெரிம்மா. அரக்கோணம் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து குடியேறினவர். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. காலையில் இட்லிக் கடை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மற்ற நேரமெல்லாம் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று போய் முழங்காலில் நிற்பார். நல்ல மனுஷி, அதைச் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்காத நாட்களில் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்.

நான் மாசமாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை பெரிம்மா என் வயிற்றில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபித்தார். ஜெபித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "சுகப்பிரசவம் மகளே. உன் மேல கத்தி படாது. கர்த்தர் சொல்லிட்டாரு" என்றார். சபையே கை தட்டியது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் மாமியாரோ அன்றிலிருந்து பால்காரரிடம்கூட, "எங்க மருமவளுக்கு வாக்கு வந்துடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருப்பதாகத் தெரிந்தது. எங்கள் டாக்டரம்மா சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. "கொடி சுத்தியிருந்தாலும் நார்மலா பொறக்கிற குழந்தைங்க நிறைய உண்டும்மா. பார்ப்போம். தேவைப்பட்டா ஆபரேஷன்" என்றார். என் மாமியார் உடனே, "அதெல்லாம் கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்றார். டாக்டர் சிரித்தார். "எனக்குப் பெருமாள் பாத்துப்பார். ஆனா மெஷினை நான்தான் பாக்கணும்" என்றார்.

வலி எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். மத்தியானத்துக்குள் டாக்டரின் முகம் மாறிவிட்டது. வயிற்றில் கட்டியிருந்த மெஷினில் குழந்தையின் இதயத் துடிப்பு டக்டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வலிக்கும் அந்தச் சத்தம் தளர்ந்தது. வலி விட்ட பிறகும் பழைய வேகத்துக்கு வர நேரம் எடுத்தது. "இனிமே காத்திருக்க முடியாது. ஆபரேஷன் பண்ணி எடுக்கணும், உடனே" என்று சொல்லி, கையெழுத்துப் போடும் தாளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். மின்சாரத்தில் கை வைக்கப் பயப்படாத மனுஷன், பெரியவர்கள் பேச்சைத் தட்ட மட்டும் பயப்படுவார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், அவசரப்படாத. பெரிம்மாவுக்கு ஒரு போன் போடு." போட்டார். பெரிம்மாவின் குரல் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "சொன்னவர் மாற மாட்டாருப்பா. விசுவாசத்த விட்டுடாதீங்க. கொஞ்சம் பொறுத்திருங்க, நான் முழங்கால்லதான் இருக்கேன்." இவர் பேனாவைப் பிடித்தபடி தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உள்ளே என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, வெளியே இவர்கள் விசுவாசத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆனாலும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நான் யார் பேச்சக் கேக்கட்டும்? சீக்கிரம் சொல்லு" என்றேன். மரியாதையாகக் கேட்க நேரமில்லை.

எந்தக் குரலும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை, வசனம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. தளர்ந்துபோன அந்தச் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால் டாக்டர் நிற்கிறார். இதையே படித்து, இதையே பல வருஷமாகச் செய்து, இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்த ஒரு மனுஷியை இந்த நேரத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? வழி கேட்டேன், வழி எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன வெளிப்பாடு வேண்டும்? மனசு அப்படியே அடங்கியது. வலி போகவில்லை, பயம்தான் போனது. எங்கள் ஆட்கள் 'சமாதானம்' என்று சொல்வது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பேனாவ இங்க குடு!" என்று கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"இன்னாடி இது, வாக்க மீறறியே" என்று மாமியார் அழ ஆரம்பித்தார்.

"தாராளமா நீயே போடலாம்மா. உன் உடம்புதானே" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் தாளை என்னிடம் நீட்டினார். "கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார், சின்னக் குரலில்.

"கோவிச்சுக்கினா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும். அதுக்கு அப்புறமா நான் பதில் சொல்லிக்கிறேன். புள்ளைக்கு இப்ப மூச்சு வேணும்" என்றேன். கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கும் தைரியம் வந்து, பக்கத்திலேயே தன் பேரையும் எழுதினார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதுகில் ஊசி போட்டதால் நினைவு இருந்தது. டாக்டர் உதட்டுக்குள் "பெருமாளே" என்றது எனக்குக் கேட்டது. நான் "இயேசப்பா, இயேசப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பாவம். வெளியே எடுத்ததும் குழந்தை அழவில்லை. நான் எதையும் கேட்கக்கூடப் பயந்துபோய்க் கிடந்தேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. "பொண்ணு. கொடி ரெண்டு சுத்து சுத்தி இறுக்கியிருந்தது. இன்னும் காத்திருந்தா கைக்குக் கிடைச்சிருக்க மாட்டா" என்றார் டாக்டர். நான் ஓவென்று அழுதேன்.

எங்கள் சபையில் பிள்ளை பெற்றவள் முதல்முறை வரும்போது குழந்தையோடு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்லி, நன்றி சொல்வது வழக்கம். அதற்கு முந்தின நாள் மாமியார் மெதுவாக வந்து உட்கார்ந்தார். "சுகமா பெத்து எடுத்தேன்னு மட்டும் சொல்லிடுமா. ஆபரேஷன்னு வாயத் தொறக்காத. பெரிம்மா பேரு கெட்டுடும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பல பேர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் தையலோடு நின்றுகொண்டு சுகப்பிரசவம் என்று சாட்சி சொன்னவர்கள் எனக்கே தெரியும். காப்பாற்றினவரைப் புகழப் போகிற இடத்தில் எதற்குப் பொய் என்று எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்றேன். "ஆபரேஷன் பண்ணித்தான் இவ பொறந்தா. பண்ணலன்னா இவ இல்ல. டாக்டரம்மா கையால கர்த்தர் இவளக் காப்பாத்தினாரு. எந்தப் பொண்ணுக்கும் டாக்டர் ஆபரேஷன்னு சொன்னா, ஜெபம் பண்ணிக்கினே கையெழுத்துப் போடுங்க. காத்துக்கினு இருக்காதீங்க" என்றேன். கடைசியில் பாஸ்டர் ஐயாதான் "ஸ்தோத்திரம்" என்றார். பெரிம்மா எழுந்து பின்வாசல் வழியாகப் போனார்.

ஆராதனை முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன். இனிமேல் ஒரு பெண்ணுக்கும் இந்த வாக்கைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. பெரிம்மா குழாயடியில் குத்துக்காலிட்டு டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடி. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. ஆம்பளப் புள்ள. நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள போயிடுச்சு. அடக்கம் பண்ணிட்டு வந்துதான் எனக்குச் சொன்னாங்க. மூஞ்சிகூட நான் பாக்கலம்மா."

நான் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

"அதிலேருந்து எந்தப் பொண்ணு வயித்துல கை வெச்சாலும், கத்தி படக்கூடாது, கத்தி படக்கூடாதுன்னு உள்ள ஓடும். அத்தக் கர்த்தர் சொல்றதுன்னு நெனச்சுக்கினேன். என் பயத்தத்தாம்மா இத்தினி வருஷமா அவர் பேரச் சொல்லிக் குடுத்துக்கினு இருந்திருக்கேன்." கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார். "உம் புள்ளைய நான் கொன்னுருப்பேன்."

நாலு கேள்வி கேட்க வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. எங்கள் ஊரில் எல்லார் வீட்டுத் துக்கத்துக்கும் முழங்காலில் நின்றவர் இந்த மனுஷி. அவருடைய துக்கம் இன்னதென்று ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை, நான் உள்பட. குனிந்து குழந்தையை அவரிடம் நீட்டினேன். "வேணாம்மா, கை ஈரம்" என்றார். "காஞ்சிடும், பிடிங்க பெரிம்மா. இவளுக்கு ஜெபம் பண்ணுங்க" என்றேன். புடவையில் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

எந்தக் குழந்தையை அவரிடம் கொடுத்தாலும் தலையில் கை வைத்து, இவள் நர்ஸாவாள், இவன் ஊழியக்காரனாவான் என்று ஏதாவது ஒரு வாக்குச் சொல்லாமல் திருப்பித் தர மாட்டார். அதற்காகவே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் நிற்பார்கள். அன்றைக்கும் அவர் குழந்தையின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே," என்றார், "இது இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதுப்பா. நீயே பாத்துக்கோ."

நான் ஆமென் என்றேன்.