தொட்டிக்காரியும் உப்புத் தண்ணீரும்

தூங்கி விழுந்து சரக்கைக் கெடுத்தாளாம், முதலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளினாராம். குழாயடியில் இப்படித்தான் பேச்சு ஓடுகிறது. பேசுகிற வாயை மூட முடியாது, சரி. நடந்ததைக் கேட்டுவிட்டாவது பேசட்டும்.

தெருவே அவளைத் தொட்டிக்காரி என்றுதான் கூப்பிடும். பழைய பிளாஸ்டிக்கை அரைக்கிற பட்டறையில், தண்ணீர்த் தொட்டியோரம் நின்றே அவள் தலை நரைத்தது. அரைத்த சில்லுகளைத் தொட்டியில் கொட்டுவார்கள். பாட்டில் மூடிச் சில்லு மிதக்கும், பாட்டில் சில்லு முழுகும். பெரிசு, சின்னது என்ற பேச்சே இல்லை. ஒரு சில்லு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு தண்ணீரைவிட லேசாக இருந்தால் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். கனமாக இருந்தால் கைவிட்டுவிடும். ஆனால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் முழுக வேண்டியதும் மேலே நின்று ஏய்க்கும். அதனால் அவள் கட்டையால் எல்லாவற்றையும் ஓர் அமுக்கு அமுக்குவாள். அமுங்கியும் திரும்பி வந்ததை மட்டும்தான் அள்ளுவாள்.

ஒருநாள் வெள்ளைக் கப் சில்லு திரும்பி வந்தது. மொறுமொறுவென்று உடைகிற ரகம் அது. எப்போதும் அடியில்தான் கிடக்கும். மறுபடி அமுக்கினாள், மறுபடி வந்தது. நமக்குத்தான் கண் மங்கிவிட்டது போல என்று அலுப்போடு அள்ளிப் போட்டாள்.

சாயங்காலம் கிழிந்த கையுறையைக் கழற்றினால் விரல் வெடிப்பெல்லாம் எரிகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. பட்டறைக்குப் பின்னால் காலி உப்பு மூட்டைகள் கிடந்தன. உப்பு கரைந்தால் தண்ணீரே கனத்துவிடும், நேற்று முழுகினது இன்று மிதக்கும். மிதக்கிற சரக்குக்குத்தான் கிராக்கி; அதோடு சேர்ந்துவிட்டால் மட்டச் சரக்கும் அதே விலைக்குப் போய்விடும்.

வீட்டில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிற புருஷனிடம் சொன்னாள். கண்டும் காணாமல் இரு, அடுப்பு எரிய வேண்டாமா என்றார் அவர். அதுவும் நியாயம்தானே. சண்டை போட அவளுக்குத் தெம்பும் இல்லை. எரிகிற கையோடு அள்ளிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சரக்கை வாங்கிக் குளியல் மக் வார்க்கிறவர் ஒருநாள் வந்து நின்றார். மக் ஒரு கையில், கைப்பிடி மறு கையில். முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அசந்து தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா. வேலை உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் தொட்டியடிக்குத் திரும்பினாள். சொன்னால் அடுப்பு எரியும். ஆனால் அதற்குப் பிறகு அவள் பெயர் தூங்குமூஞ்சி. இத்தனை காலம் அமுக்கி அமுக்கிப் பிரித்தது அத்தனையும் வீண்.

மக் வார்க்கிறவர் காதில் முதலாளி அதற்குள் போட்டுவைத்திருந்தார் போல, அவர் இளக்காரமாகச் சிரித்தார். "ஏம்மா, நின்னுக்கிட்டேவா தூங்குன?"

"தூக்கம் வந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்யா. இந்தக் கால் கடுப்புல எங்க வருது? அந்தத் தண்ணியத் தொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க."

முதலாளி முகம் செத்துப்போயிற்று. "அக்கா..." என்றார்.

"போதும் தம்பி. கை எரியுது."

ரப்பர் முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். கட்டையைத் தொட்டிமேல் குறுக்கே வைத்தாள். மக் வார்க்கிறவர் தண்ணீரைத் தொட்டாரா இல்லையா என்று நின்று பார்க்கவில்லை. உச்சி வெயிலில், மரத்துப்போன காலை இழுத்து இழுத்துக் கதவைத் தாண்டினாள். கழுத்தில் எவன் கையும் படவில்லை.