கழுத்தைப் பார்த்த சாப்பாட்டுக்கடை பாய்

நான் தோட்டக்கூலியாகக் கப்பலேறிப் போன பாலோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அந்தப் பாயின் பெயரை நான் கேட்டதே இல்லை. தாடி நரைத்த, தொப்பை பெருத்த மனிதர். சாப்பிடுகிறவனின் இலையைப் பார்க்க மாட்டார், கழுத்தையே பார்ப்பார். எனக்கு அது எரிச்சல்.

தோட்டத்தில் விறகுக்கட்டு பிடரியில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. ஒரு மாதமாகக் கஞ்சிதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான்.

"புண்ணே இல்ல. வேலைக்குக் கள்ளம் பண்றே. கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க."

அந்த மடையன் பிடரியைத் தொடவே இல்லை.

பாய்தான் கேட்டார். "தம்பி, முழுங்குறப்ப ஏன் தாடையைத் தூக்குறே?"

"இறங்கமாட்டேங்குது பாய். தொண்டையில ஒண்ணுமில்லங்கறான் டிரஸ்ஸர்."

"தொண்டையில இல்லதான். பிடரி எலும்பு பிசகி முன்னால நெருக்குது."

சூடான எண்ணெய் தொட்டு, கட்டைவிரலால் பிடரியை மெல்ல மெல்ல அழுத்தினார். எனக்குப் பொறுமை இல்லை.

"ஒரே திருகா திருகி விடுங்க பாய்!"

"இது கழுத்துல்லா, கோழி இல்ல."

பத்து நாளும் வேலை முடிந்து பாயிடம் நடந்து போனேன். பதினோராம் நாள் சோறு இறங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் டிரஸ்ஸர் மூக்குக்கு நேரே நின்று ஒரு பெரிய கவளத்தை முழுங்கிக் காட்டினேன்.

அன்று மாலை பாய் கடையில் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த மேசைக்காரனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கழுத்தால் வந்த பழக்கமோ அது, எனக்கு இன்றுவரை தெரியாது.