முழுக்கைச் சட்டை

கம்பத்தில் எங்கள் தோட்டத்துத் திராட்சை விதையிலிருந்து சாறு எடுத்து, முகத்துக்குப் போடும் க்ரீம் ஒன்று செய்து பார்த்தேன். அதை முதலில் யார் கையிலாவது தடவி, ஒரு நாள் மூடிவைத்துப் பார்க்க வேண்டும். என் கையிலேயே தடவியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். தழும்பு விழுந்துவிடுமோ என்று பயம். தோட்டத்தில் வேலை செய்யும் பாண்டியம்மா அக்காவைக் கூப்பிட்டேன்.

முழங்கைக்குக் கீழே தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். “எரிஞ்சா உடனே சொல்லுங்கக்கா.”

“சரி தாயி” என்றவர், சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்கள் சட்டையின் கையை இறக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் பிளாஸ்திரியோடு தோலும் உரிந்து வந்தது. ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே எரிய ஆரம்பித்ததாம்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா!”

அவர் புரியாமல் பார்த்தார். “கொடிக்கு மருந்தடிச்சா தெனமும் கை எரியத்தான் செய்யும். இத மட்டும் என்னத்தத் தனியாச் சொல்ல?”

க்ரீமை அன்றே கொட்டிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நல்ல சேலை கட்டி வந்திருந்தார். அதற்கு மேலே அதே சட்டை.

“விசேஷ வீட்டுக்கு எதுக்குடி இந்தச் சட்டை?” என்று அம்மா கேட்டார்.

“குளிருதுக்கா” என்றார், என் பக்கம் திரும்பாமல்.

எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. தழும்பில்லாத என் கையில் வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த கையையும் நீட்டினேன்.