விளிப்பிலேயே கழிந்த கால்மணி

புலம்பெயர்ந்து வந்த நகரின் டவுன்டவுனில் இருந்த பல்கலைக்கழகத்தில் நான் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு நாவல் ஒன்றின் மொழிநடையைப் பற்றி வகுப்பில் கால்மணி நேரம் பேச வேண்டியிருந்தது. என்னோடு சேர்ந்து பேச வேண்டியவள் என் சித்தியின் மகள், எனக்குத் தங்கை. பேச்சுக்கு இருவருக்கும் பொதுவாக ஒரே புள்ளிதான் போடுவார்கள். அந்தப் பாடத்தில் தேறினால்தான் அவளுக்கு அந்தக் கோடையில் பட்டம். எனக்கோ இன்னும் ஓராண்டு இருந்தது. ஆகவே பதற்றம் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அந்த நாவல் எனக்கு முதல் பக்கத்திலேயே உறவாகிவிட்டது. நாயகன் ஒரு கதவைத் தட்டுவான். அது திறக்குமுன் ஆசிரியர் குறுக்கே வந்து, வாசகரைப் பணிவுடன் விளித்து, அவரது பொறுமைக்கு நன்றி கூறி, கதவுகளின் இயல்பு குறித்துப் பக்கம் பக்கமாக உரையாற்றுவார். சக மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள். செயின்ட்-மிஷேல் தேவாலய மண்டபத்துத் தமிழ் விவாதப் போட்டிகளில் வளர்ந்த எனக்கு அதில் சலிக்க எதுவும் தென்படவில்லை. அங்கே அருட்தந்தை, நடுவர்கள், எதிரணியினர், தாய்மார், பின்வரிசையில் தேநீர் ஊற்றுபவர்கள் என அனைவரையும் முறைப்படி விளிக்காமல் ஒருவன் கருத்தைத் தொட்டால், அவனை வளர்த்தவர்களைப் பற்றியே கதை எழும்.

தங்கைக்கும் அந்த மரபு தெரியும். அதனாலேயே புறநகரான ரொக்ஸ்பரோவிலிருந்து வகுப்புக்கு வந்த ரயிலில், என் உரையின் முதல் பக்கத்தை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அண்ணை, வகுப்பில இருக்கிறவை எங்கட ஆக்கள் இல்லை. வணக்கம் சொல்லாட்டி ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். நேரா விசயத்துக்கு வாங்கோ."

ஒப்புக்கொண்டேன். முதல் பக்கம் எனக்கு மனப்பாடம் என்பதை அவள் யோசிக்கவில்லை.

வகுப்பில் எழுந்து பேராசிரியரை விளித்தேன். சக மாணவர்களை விளித்தேன். மறுப்புரை வழங்க வாய்ப்பின்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லறையில் காத்திருக்கும் ஆசிரியரை விளித்தேன். இனிப் பிறக்கப்போகும் வாசகர்களை விட்டுவிடவும் மனம் வரவில்லை. குரல் நன்றாக ஏறி நின்ற வேளையில், ஒரு நிமிடமே எஞ்சியிருப்பதாகப் பேராசிரியர் சைகை காட்டினார். மொழிநடை பற்றி நாங்கள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

தங்கை எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் நிதானமாகவே சொன்னாள்: "இவ்வளவு நேரமும் நீங்கள் கேட்டதுதான் இந்த நாவலின் நடை. கதவு இன்னும் திறக்கவில்லை. எரிச்சலாக இருந்ததா, இன்னும் கேட்கலாம் போல இருந்ததா? இந்த இரண்டுக்கும் நடுவே வாசகரை நிறுத்தி வைப்பதுதான் ஆசிரியரின் திறமை."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டு, இந்த உத்தியை வகுத்தவர் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றாள் தங்கை. "இவரைப் பழக்கி எடுப்பதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது."

மறுப்புரைக்கு வேண்டிய ஆதாரங்கள் அனைத்தும் என்னிடம் இருந்தன. பொதுப் புள்ளி என்பதால் பேசாமல் அமர்ந்தேன். என் மேடை வாழ்வில் அப்படி அமர்ந்தது அன்று மட்டுமே. கோடையில் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. வீட்டு விருந்தில் அவளை வாழ்த்திச் சில வார்த்தைகள் பேசட்டுமா என்று கேட்டேன்.

"பேந்து பாப்பம், முதல்ல எல்லாரும் சாப்பிடட்டும்," என்றாள்.